ஏழடி என்றார் அத்தான்

அத்தான் மலையாளக் கரையில் இருக்கும் பூவாறில் சின்ன ஃபைபர் படகு ஓட்டுகிறவர். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு காயல் வழியாக, ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வரை போய்த் திரும்புவார். அந்தப் படகை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. என் அக்காவே அதைத் தன் சக்களத்தி என்பாள்.

போன மழைக்காலம் முடிந்ததும் சாலைக் கடைத்தெருவில் இருக்கும் என் எலெக்ட்ரிக்கல் கடைக்கு வந்து, ஆழம் காட்டும் கருவி ஒன்று வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மணல்திட்டு எங்கே என்று சொல்கிற மனுஷன். அந்தப் படகுக்கு உள்ளங்கை அளவு திரையே தாராளம் என்று இரண்டு மாடல்களை எடுத்து வைத்தேன். அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே பெரிய திரை வேண்டும், எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். படகில் சினிமா காட்டப் போகிறீர்களா என்று கேட்டேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வாய்தான் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை பொருத்தப் போனேன். படகில் ஓட்டை போட மனசு வரவில்லை. சென்சாரை உள்பக்கமே ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லா இடத்திலும் அது வேலை செய்யாது. அதனால் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் சென்சாரை வைத்து, அடித்தளத்தில் இடம் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தேன். எண் தடுமாறாமல் நின்ற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டேன். பசையில் காற்றுக்குமிழி இருந்தால் எல்லாம் பாழ் என்று மெதுவாகக் கலக்கினேன். அத்தான் அந்த வட்டத்தை விரலால் தடவித் தடவித் தேடினார். வெயிலில் கண் கூசுகிறது என்றார். நானும் நம்பினேன்.

மறுநாள் பசை இறுகியதும் நாங்கள் இருவர் மட்டும் வெள்ளோட்டம் போனோம். நான் முன்னால் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். திரை அவர் பக்கம் இருந்தது. அவ்வப்போது ஆழம் கேட்டேன். ஒன்பது என்றார், எட்டு என்றார், யோசிக்காமல் சொன்னார். பொழிமுகம் நெருங்கும்போது மறுபடி கேட்டேன்.

"ஏழடி."

சொல்லி வாய் மூடவில்லை, படகு மணலில் உரசி நின்றது. நான் குப்புற விழுந்தேன். என் பசைதான் சொதப்பிவிட்டது என்று எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் இரண்டு என்று இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அவர் திரையைப் படிக்கவே இல்லை. போன வருஷத்து ஆழத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். மழை மணலை இடம் மாற்றிவிட்டது.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ஒரு வருஷமாச்சு மக்கா. நேரே பார்த்தா புகை மாதிரி இருக்கு. போனது திரும்பாதுன்னுட்டாரு டாக்டர். பெரிய எழுத்தா இருந்தா இந்த ஒரு சீசனைத் தள்ளிரலாம்னு நெனச்சேன்."

இந்தக் கண்ணோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொங்கியது. திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கழுக்கோலை ஊன்றிப் படகைத் தள்ளிவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் கரை வரை ஓட்டினார். கைக்கு ஒரு குறையும் இல்லை.

படகுத்துறையில் ஒரு குடும்பம் காத்திருந்தது. பொழிமுகம் போக முடியுமா என்று கேட்டார்கள். வந்த சவாரியை அத்தான் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. படகு கேடாகிவிட்டது, இனி ஓடாது என்று மலையாளத்தில் சொன்னார். அவர்கள் நம்பாமல் என்னைப் பார்த்தார்கள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆமாம், இனி ஓடாது என்று நானும் சொன்னேன்.