எலுமிச்சம்பழத்தின் மேல் நின்ற மெஷின்

சிவகாசியில் அச்சு இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. பல வருடம் ஆசைப்பட்டு, இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கினோம். கிரேனில் இறக்கும்போது, புது வண்டிக்கு வைப்பதுபோல் நான்கு கால்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். மெஷின் அவற்றை நசுக்கிக்கொண்டு நின்றது. திருஷ்டி கழிந்தது என்று இருந்தேன்.

ஒரு வாரத்திலேயே மெஷின் அதிர ஆரம்பித்தது. செதுக்கிய இரும்பெல்லாம் அலை அலையாக வந்தது. பெல்ட்டை மாற்றியும் நிற்கவில்லை.

“உள்ள பேரிங்தான் அத்தான் போயிருக்கும். கழட்டிருவோம்” என்றான், கூட வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி. கம்பெனி சீலை உடைத்து, சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றி மாட்டினோம். அதிர்வு கூடியதுதான் மிச்சம்.

கம்பெனி மெக்கானிக் வந்தார். மெஷினைத் தொடவே இல்லை. குனிந்து அடியில் டார்ச் அடித்தார். மற்ற மூன்று பழங்களும் பிதுங்கி வெளியே வந்திருக்க, ஒரு காலுக்கடியில் மட்டும் காய்ந்து சுருங்கிய எலுமிச்சைத் தோல்.

“கால் சமமா நிக்கல. இம்புட்டுதாண்ணே கோளாறு. இதுக்குப் போயி சீலை உடைச்சிட்டீகளே! இனி கியாரண்டி கிடையாது.”

தோலைச் சுரண்டிவிட்டுக் காலைச் சமப்படுத்தினார். நாங்கள் தட்டியதில் வளைந்துபோன ஸ்பிண்டிலை, அதாவது வெட்டுக் கத்தியைச் சுழற்றும் தண்டை, அவராலும் நிமிர்த்த முடியவில்லை.

இப்போதெல்லாம் எது ஆடினாலும், ஸ்பானரை எடுக்கும் முன் குனிந்து அடியில் பார்க்கிறேன். மெஷினுக்கு அடியில் சுத்தமாகத்தான் இருக்கிறது. மெஷின்தான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.