டிக்கெட் சந்தின் பெல்ட்

சங்கரன்கோவில் முதியோர் மன்றத்தின் பழம்பொருள் கண்காட்சிக்கு நான் குறிப்புச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, இடித்துவிட்ட தியேட்டரின் பழைய காவலாளி தன் தோல் பெல்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

விளக்கெண்ணெயும் வியர்வையும் கலந்த அதே வாசம். சிறுவயதில் இரண்டு சுவர்களுக்கு நடுவே பீடிப்புகையில் மூச்சுமுட்ட, முன்னால் நிற்பவர் முதுகோடு ஒட்டி நாங்கள் நகர்ந்த டிக்கெட் சந்தும், சுவர்மேல் நடந்தபடி இவர் வீசிய பெல்ட்டின் சுளீர் ஓசையும், பின்னால் நின்ற அப்பாவின் காதிலிருந்து என் கழுத்தில் சொட்டிய ரத்தத்தின் சூடும் அந்த வாசத்தோடு வந்தன.

“கூட்டத்தை ஒழுங்குபடுத்துனதுன்னு எழுதுங்க தம்பி,” என்றார் காவலாளி.

அன்றிலிருந்து அப்பாவுக்கு இடது காது கேட்காது. மன்றத்துக்கு வந்திருந்த அவர், “என்னலே சொல்லுதான்?” என்றார். வலது காதில் சொன்னேன்.

அப்பா பெல்ட்டை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தார். டீ கிளாஸ்கள் தெறித்து உடைந்தன.

“இப்ப வரிசையில நில்லும் வே!”

சந்தில் நாங்கள் குனிந்ததைப் போலவே, காவலாளி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குனிந்தார்.

‘ஆட்களை அடித்தது’ என்று சீட்டில் எழுதினேன்.