நிஷா ராத்தாவைத் தேடும் வகுப்பு

செய்தி வந்தபோது நான் பாம்பன் பாலத்தின் மேல், பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசித் திரையில் 'ராத்தா' என்று வந்தது. அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல் என்று விடுப்பில் இருந்தவர். எடுத்த எடுப்பில், "என்ன ராத்தா, காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்ல பிரியாணியா?" என்றேன்.

ஆண் குரல் பேசியது. "நான் அவுக தம்பிம்மா. ராத்தா மவுத்தாயிட்டாக. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உசுரு பரமக்குடி தாண்டலை."

நான் சிரித்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். "உன்னைய ஒரு நாள் நல்லா ஏமாத்துறேனா இல்லையா பாரு" என்று ராத்தா என்னிடம் சபதம் போட்டிருந்தார். அந்த நாள் இதுதான் என்று நினைத்துவிட்டேன். "நல்லா நடிக்கிறீங்கண்ணே, போன அவங்ககிட்ட குடுங்க" என்றேன். அவர் கொடுக்கவில்லை. விம்மும் சத்தம் மட்டும் கேட்டது. மண்டபத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் கம்பியை விடவில்லை. நடத்துநர் வந்துதான் கையை எடுத்துவிட்டார்.

நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. இருந்தாலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நிஷா ராத்தா பெரியபட்டினத்துக்காரர். முப்பதைத் தாண்டியவர். கணவர் வெளிநாட்டில், மகன் ஆறாம் வகுப்பில். கல்யாணத்தோடு நின்ற படிப்பை மறுபடி பிடித்துக்கொண்டு, பிளஸ் டூ முடித்த கையோடு வந்த எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தவர். உட்கார்ந்தவர் என்று சொல்வதுகூடப் பிழை. முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது, விரிவுரையாளர் என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. அவர் மறுக்கவில்லை. நிதானமாக எல்லோரையும் பார்த்து, "உக்காருங்க" என்றார். பிறகு நேரே கடைசி வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார். நம்ம இனம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை செலின் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வாலு.

கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் மண்டபம் பக்கம் ஒரு மழலையர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே பெஞ்சு இல்லை, சிலேட்டு இல்லை. கடை மூலை, சமையல் மூலை, கட்டைகள் அடுக்கும் மூலை என்று விளையாட்டுதான் பாடம். எங்களுக்குப் பெயர் பயிற்சி ஆசிரியைகள். முதல் நாள் நாங்கள் பயந்த ஆசிரியைகள். காலையில் அம்மா கையை விட்டதும் பிள்ளைகள் போட்ட ஓலத்தில் நான் எழுதிப்போன பாடத்திட்டம் பாடாத திட்டமாகிவிட்டது.

ராத்தா அன்று மாலையே ராமநாதபுரத்தில் ஒரு கடைக்காரரிடம் கெஞ்சி, குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டியை வாங்கினார். அதைப் பேருந்தில் ஏற்றினோம். நான் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டேன். நடத்துநர் பெட்டியைத் தட்டி, "இதுக்கு லக்கேஜ் டிக்கெட்டு எடுக்கணும்மா. உள்ள என்ன?" என்று கேட்டார். ராத்தா முகம் மாறாமல், "வாலுண்ணே" என்றார். நான் தலையை நீட்ட, நடத்துநர் பையைத் தவறவிட்டார். சில்லறை பொறுக்கவே உச்சிப்புளி வந்துவிட்டது.

அந்தப் பெட்டிக்கு நீலம் பூசிப் படகாக்கினோம். மறுநாள் பிள்ளைகள் வரும்முன் ராத்தா அதற்குள் ஒளிந்துகொண்டார். "ராத்தா மிஸ்ஸக் காணோமே, யாரு கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று நான் கேட்க வேண்டியதுதான், அழுகை பாதியில் நிற்கும். அதன் பிறகு தினமும் அதுதான் எங்கள் காலை வணக்கம். ஒரு நாள் படகு, ஒரு நாள் பாய்ச் சுருள், ஒரு நாள் கடை மூலையின் திரை. எங்கே ஒளிந்தாலும் முந்தானை நுனி மட்டும் வெளியே கிடக்கும்.

"இப்படியா ஒளியிறது? சின்னப்பிள்ளைகூட கண்டுபிடிச்சிரும்" என்றேன் ஒரு தடவை.

"சின்னப்பிள்ளை கண்டுபிடிக்கத்தானே ஒளியிறேன்" என்றார். "முழுசா மறைஞ்சுட்டா பிள்ளைக பயந்துரும். கொஞ்சம் தெரியணும்."

இன்னொரு சட்டமும் அவர் வைத்திருந்தார். யாராவது அழுதால் ஆட்டம் முடிந்தது. எங்கே இருந்தாலும் அந்த நொடியே வெளியே வந்துவிடுவார். இதைக் கண்டுகொண்ட அந்தோணி என்ற வாண்டு, தேட அலுப்பாக இருக்கும் நாளில் பொய்யாக அழுவான். பொய் என்று தெரிந்தே ராத்தா வருவார்.

எங்களை மதிப்பிட வந்த விரிவுரையாளரும் ஒரு நாள் மாட்டினார். "இன்னொருத்தர் எங்கம்மா?" என்று கேட்டவரிடம், "தேடுங்க சார்" என்றது வகுப்பு. அவர் குனிந்து தேடி, முந்தானை நுனியைப் பார்த்து, வெளியே வந்தவரிடம் கேட்டார்: "இதுல பிள்ளைக என்னம்மா கத்துக்குது?"

"காணாமப் போனவங்க திரும்பக் கிடைப்பாங்கன்னு கத்துக்கிறாங்க சார். அம்மாவ விட்டுட்டு வர்ற பிள்ளைகளுக்கு அதான் மொதப் பாடம்."

அவர் தலையாட்டி முழு மதிப்பெண் போட்டார். எனக்கும் சேர்த்து.

ராத்தாவை இறுதியாகப் பெரியபட்டினத்தில் பார்த்தேன். வீடு நிறையப் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள். கண்ணை மூடியிருந்தார். படகுக்குள் ஒளியும்போதும் அப்படித்தான் மூடிக்கொள்வார், தான் பார்க்காவிட்டால் தன்னை யாரும் பார்க்க முடியாது என்பதுபோல. எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் அழுத இடத்தில் நான் அவர் முந்தானையைத் தேடினேன். வெள்ளைத் துணிதான் இருந்தது.

பள்ளிக்குத் திரும்பிய அன்று தலைமையாசிரியை என்னைத் தனியாக அழைத்தார். "ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிரும்மா. பிள்ளைகதான, மறந்துரும்." நான் சரி என்றேன். அதைச் சொல்ல விட்டால்தானே! வாசலில் என்னைப் பார்த்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"செலின் மிஸ், ராத்தா மிஸ் எங்கன?"

"செலின் மிஸ்தான் ஒளிச்சு வச்சிருக்காக! எங்களுக்குத் தெரியும்!"

என் புகழ் அப்படி. மலர் என்ற சின்னவள் பாதி கடித்த கடலை மிட்டாயை என் கையில் திணித்து, "எனக்கு மட்டும் காதுல சொல்லுங்க" என்றாள். அந்தோணி மறுநாள் அவன் அய்யா கடலுக்குக் கொண்டுபோகும் பெரிய டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அலமாரி, அரிசி டிரம், கழிப்பறைக் கதவிடுக்கு என்று எல்லா இடத்திலும் வெளிச்சம் அடித்தார்கள். "இந்தத் தடவ ரொம்ப நல்லா ஒளிஞ்சிருக்காக" என்று பாராட்டு வேறு. நானும் டார்ச்சுக்குப் பின்னாலேயே நடந்தேன். 

அடுத்த நாள் இடைவேளையில் மலரைக் காணவில்லை. பின்பக்கம் ஓடினேன். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள். மூடி ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தது. அந்தச் சந்தில் வாயை வைத்து, "ராத்தா மிஸ், நான் மலரு. வெளிய வாங்க" என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மூடியைத் தள்ளி மூடிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இனி ஒரு நாள்கூடத் தாங்காது. எல்லோரையும் பாயில் உட்கார வைத்தேன். "ராத்தா மிஸ் ஒளியல. காய்ச்சல் வந்து இறந்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க. யாரும் தேடக் கூடாது."

 வகுப்பே சிரித்தது.

"பொய்யி! செலின் மிஸ் சொல்றது பொய்யி!" அந்தோணி கைதட்டினான். "காக்கா பேனாவத் தூக்கிட்டுப் போச்சுன்னீக, கடைசில உங்க கொண்டைல இருந்துச்சுல்ல!"

"இல்ல அந்தோணி, இது மெய்யி."

"அன்னைக்கும் மெய்யின்னுதான சொன்னீக!"

மறுபடி சிரிப்பு. நான் முகத்தை எவ்வளவுக்கு இறுக்கினேனோ, அவ்வளவுக்கு அது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இத்தனை நாள் நான் சேர்த்துவைத்த பெயர் அத்தனையும் அந்தப் பாயில் என் எதிரே உட்கார்ந்து சிரித்தது.  ராத்தா இருந்தால் ஒரே வரியில் இவர்களை நம்பவைத்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்ததும் உடைந்துபோனேன். செய்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை, பிள்ளைகள் முன்னால், சத்தமாக வந்தது.

சிரிப்பு நின்றது.

"மிஸ் அழுறாக" என்றாள் மலர்.

"அப்ப வந்துருவாக" என்றான் அந்தோணி.

எல்லாத் தலையும் படகின் பக்கம் திரும்பியது. யாராவது அழுதால் ராத்தா வெளியே வரவேண்டும். அதுதான் சட்டம், அவர் ஒருநாளும் மீறாத சட்டம். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கண்ணைத் துடைக்காமல் நானும் படகைப் பார்த்தேன். வெளியே கடற்காற்றில் தகரம் அடித்துக்கொண்டது. நான் இன்னும் அழுதேன். அட்டை அசையவில்லை.

அந்தோணி எழுந்து போய் டார்ச்சைப் படகுக்குள் அடித்தான். வெகுநேரம் பார்த்தான். விளக்கை அணைத்துவிட்டு வந்து என் மடியை ஒட்டி உட்கார்ந்தான்.

"உள்ள யாருமில்ல மிஸ்" என்றான், எனக்குச் செய்தி சொல்வதுபோல. அதன் பிறகு மலர் அழுதாள். ஒவ்வொருவராக எல்லோரும் அழுதார்கள். யாரும் வரவில்லை.

ராத்தா, அதற்குப் பிறகு யாரும் தொட்டிப் பக்கம் போகவில்லை. உங்கள் முதல் பாடத்தை நான்தான் அழித்தேன். அதன் இடத்தில் எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. படகை எடுத்துவிடச் சொன்னார்கள், பிள்ளைகள் விடவில்லை. சன்னலோரம் காலியாக நிற்கிறது. உங்களிடம் விடைபெறத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சபதத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், நான் நன்றாக ஏமாந்தேன், போதும். கொஞ்சம் தெரியணும் என்று சொன்னது நீங்கள்தானே? காலையில் பிள்ளைகள் வரும்முன் நான் போய் அந்தப் படகின் ஓரத்தைப் பார்க்கிறேன், ராத்தா. தினமும் பார்க்கிறேன். நுனிகூட இல்லை.