டீச்சர் வீட்டுக்காரரின் முழங்கை

தெரு முழுக்க அவருக்குக் 'கண்ணாடி' என்றுதான் பேர். மூக்கில் கண்ணாடி கிடையாது. அவர் பாலிஷ் போட்ட மேஜையில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அதனால் வந்த பேர். தொழிலில் கெட்டிக்காரர், மறுக்கவே முடியாது. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! "கடையில வாங்குன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே குடுப்பேன். ஒரு தடம் இருக்காது" என்று கேட்காதவரிடமும் சொல்வார். வீட்டிலும் கெடுபிடிதான். பாலிஷ் காய்கிறவரை மின்விசிறி ஓடக்கூடாது, பாய் உதறக்கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். அவர் மனைவி பாதித் தும்மலை வாசலில்தான் தும்மியிருக்கிறாள்.

ரிட்டையரான தையல் டீச்சர் ஒரு பழைய கிராமபோன் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் தேக்குப் பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே தட்டு சுற்றும். "மங்கிப்போச்சு தம்பி, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடி பழைய அரக்குப் பாலிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பஞ்சுப் பொட்டலத்தால் புது அரக்கைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார். மேல்விளிம்பில், முன்பக்கத்து வலது மூலையில் மரம் வெளுத்துக் குழிந்திருந்தது. அதற்குத் தனி கவனம் எடுத்து, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, இருந்த இடமே தெரியாமல் ஆக்கிவிட்டார்.

பார்க்க வந்த டீச்சர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மூலையில் கை வைத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இங்க இருந்த பள்ளம் எங்க?"

"சரி பண்ணிட்டேன் டீச்சர்!" என்றார் கண்ணாடி, பெருமை பொங்க.

"அடப்பாவி! அது எங்க வீட்டுக்காரர் முழங்கை ஊன்றின இடம். தினமும் அங்கதான் சாஞ்சு நின்னு பாட்டு கேப்பாரு. அப்படிச் சாஞ்சு கிழிஞ்ச சட்டைக் கைக்கெல்லாம் நான்தானே ஒட்டுப் போட்டேன். மனுஷன் போனப்புறம் எனக்குன்னு இருந்தது அந்தப் பள்ளம் ஒண்ணுதான்." டீச்சர் மோடாவில் உட்கார்ந்து அழுதேவிட்டார். "எனக்கு அது வேணும். எப்படிக் குடுப்பீங்களோ, குடுங்க."

அடைத்த பசை மரத்தோடு மரமாக இறுகிவிட்டது, தோண்டினால் மரமும் பெயரும். கண்ணாடி ஒரு பலகையில் உப்புத்தாளால் பள்ளம் போட்டுப் பார்த்தார். உப்புத்தாள் போட்ட பள்ளம் மாதிரியே இருந்தது. முழங்கைப் பள்ளத்துக்கு முழங்கைதான் வேண்டும். அவருக்கோ சும்மா நிற்க வராது. சாய்ந்த மறு நிமிஷம் கை தானாகத் துணியைத் தேடித் துடைக்க ஆரம்பித்துவிடும்.

"எந்த வேலையும் செய்யாம சாஞ்சே நிக்கிற ஆளு வேணும், அவ்வளவுதானே?" என்றாள் மனைவி. "என் தம்பி எதுக்கு இருக்கான்?"

மச்சான் வேலை தேடுகிறேன் என்று வந்து தங்கியவன். வேலையும் அவனும் இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. விஷயத்தைக் கேட்டதும் ஆசாமிக்கு எங்கிருந்தோ மிடுக்கு வந்துவிட்டது.

"சாயுறது லேசுப்பட்ட வேலை இல்ல மாமா. டீ வேணும். பாட்டும் வேணும். பாட்டில்லாம சாஞ்சா முழங்கை எப்படிப் பதியும்?"

பெட்டிக்குள் கிடந்த ரெக்கார்டைச் சாவி முடுக்கிப் போட்டார்கள், முடிய முடிய மறுபடி போட்டார்கள். மச்சான் கன்னத்தில் கை வைத்து, மூலையில் முழங்கை ஊன்றி நின்றான். வெயில் காலம், விசிறியும் கிடையாது, வேர்த்து வழிந்தது. கண்ணாடி பக்கத்திலேயே நின்று, "கொஞ்சம் வலப்பக்கம்! நல்லா அழுத்து!" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். வாழ்நாளெல்லாம் தடத்தை அழித்த மனுஷன், ஒரு தடம் விழாதா என்று தவித்ததைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் டீச்சர் வந்தபோது பாட்டு முடிந்து, ஊசி தட்டின் நடுவில் கர்ர் கர்ர் என்று உரசிக்கொண்டிருந்தது. மச்சான் நின்றபடியே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடி பதறி எழுப்பப் போவதற்குள் டீச்சர் முந்திக்கொண்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எந்திரிங்க! ஊசி தேயுது! தூங்கணும்னா கட்டில்ல போய்ப் படுங்க!"

மச்சான் திடுக்கிட்டு விழித்து, "யாரு தூங்குனா? கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றான்.

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இதேதான். ஒரு எழுத்து மாறாம இதேதான் சொல்வாரு. ஒரு பாட்டை முழுசாக் கேட்டதில்ல அந்த மனுஷன்."

மச்சான் கையை எடுத்தான். பள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை. வேர்வை இறங்கி, புது அரக்கு வட்டமாகப் பால் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாலிஷ்காரனுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. கண்ணாடியின் கை துணியோடு பாய்ந்தது.

டீச்சர் அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

"தொடாதீங்க தம்பி. இது அவர் முழங்கை இல்லதான். இருக்கட்டும். யாரோ ஒருத்தர் சாஞ்சிருக்காங்கல்ல."

கண்ணாடி துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.