ஜே தீர்மானத்துக்கு எதிராக நோரீன் டகெட்

நோரீன் டகெட்டுக்கு மைக் என்றால் பயம். நாலு பேர் நடுவில் யாராவது தன் பெயரைச் சத்தமாகச் சொன்னால்கூட முகம் வெளுத்துவிடும். இத்தனைக்கும் அவள் எங்கள் ரெட்பார்க் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை முக்கால் ஆயுசாக ஓட்டுகிறவள். பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும் மலைச் சாலையில் பேருந்து நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு கையால் சூயிங்கம் பிரித்தபடி இறங்குவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரே ஒரு வசனம் வாசிக்கச் சொல்லுங்கள், அன்றைக்கு அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

அவளுக்குப் பக்கத்து வீடு எனக்கு. அப்படிப்பட்டவள் ஊர் முழுக்கத் தன் பெயர் அச்சாகிப் போகும்படி ஒரு காரியம் செய்தாள் என்று கேட்டபோது நான் நம்பவில்லை.

அந்த வருஷம் நகரசபைக்குக் கையில் பணமில்லை. ஊரில் ஒரே தீயணைப்பு நிலையம். சம்பளத்துக்கு மூன்று பேர், மற்றவர்கள் கூப்பிட்டால் ஓடிவரும் தன்னார்வலர்கள். நிலையத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டுமானால் ஒவ்வொரு மனைக்கும் புதுவரி வேண்டும் என்று சபை மார்ச் தேர்தலுக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதற்கு அடையாளமாக ஜே என்ற ஆங்கில எழுத்து கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றால்தான் நிறைவேறும்.

வரி எல்லா மனைக்கும் ஒன்றுதான். மேட்டில் சான்பிரான்சிஸ்கோ பணக்காரர்கள் கட்டி வைத்து வருஷத்துக்கு இருமுறை வந்து எட்டிப்பார்க்கும் மாளிகைக்கும் அதே தொகை, ஓடைக்கு அந்தப்பக்கம் வரிசையாக நிற்கும், வண்டியில் இழுத்து வந்து வைத்த டிரெய்லர் வீடுகளுக்கும் அதே தொகை. நோரீனுக்கு இதுதான் பொறுக்கவில்லை. டிரெய்லர் வரிசையில்தான் அவளுடைய சிநேகிதி ஓப்பல் கெர்சி இருந்தாள். எண்பதைத் தாண்டிய விதவை, ஓய்வூதியத்தில் வாழ்கிறவள். நோரீன் தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு அவள் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் வருவாள்.

நகரசபை அலுவலகத்தில் போய், "இது எப்படிங்க நியாயம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வர நினைத்துத்தான் போனாள். அங்கிருந்த செயலர் பெண் தலை நிமிராமல் சொன்னாள்:

"தேர்தலுக்கு முன்னாடி வீடு வீடா அனுப்பற வாக்காளர் கையேட்டுல இதை எதிர்த்து எழுத யாருமே வரல. நாளைக்குக் கடைசி நாள். வேணும்னா நீங்க எழுதுங்க."

"நானா?"

"எழுதறவங்க பேரு போடணும். அது சட்டம்."

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிவிட்டாள். நல்லாத்தான் எழுதியிருந்தாள். "தீயணைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறிய கூரைக்கும் பெரிய கூரைக்கும் ஒரே வரி என்பதை வேண்டாம் என்கிறேன். திருத்திக் கொண்டுவாருங்கள்" என்று முடித்திருந்தாள். கீழே பெயர்.

கையேடு வீடு வீடாக வந்து சேர்ந்த அன்றைக்கு நோரீன் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் புத்தகம், முகத்தில் ரத்தமில்லை.

"பெர்னிஸ், எல்லார் வீட்டுக்கும் போயிருச்சா இது?"

"தபால் ஆபீஸ்ல நான்தானே பிரிச்சு வச்சேன். போயிருச்சு."

"திரும்ப வாங்க முடியாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கம் எல்லாமே தபால் ஓட்டு. எண்ணி முடிக்க நாளாகும். தேர்தல் முடிந்த இரவு ஜே ஜெயிக்கிறது என்றார்கள். மறுநாள் இல்லை என்றார்கள். இரண்டு வாரம் அப்படியும் இப்படியுமாக இழுத்துக் கடைசியில் பதினோரு ஓட்டில் தோற்றது. பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் டிரைவர்கள் நோரீனின் தோளில் தட்டினார்கள். "நம்ம நோரீன் நகரசபையையே கவுத்துட்டாடா!" என்று ஒருவன் ஹாரன் அடித்துக் காட்டினான். அவள் கழிவறைக்குள் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள்.

சபை திருத்தம் ஒன்றும் கொண்டுவரவில்லை. பள்ளிக்கூடக் கோடை விடுமுறை தொடங்கும்போது சம்பளக்காரர்கள் மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நிலையத்தின் கதவு இறங்கியது. இனிமேல் தன்னார்வலர்கள் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் கீழே கிளியர்ஃபோர்க் ஊரிலிருந்து வண்டி வளைந்து வளைந்து ஏறி வர அரை மணிக்கு மேலாகும்.

மழை நின்று புல் காய்ந்தது. நோரீனின் நெருப்புப் பயம் தொடங்கியது அப்போதுதான்.

முதலில் காற்று. காலையில் எழுந்ததும் வாசலில் நின்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பார்ப்பாள். காட்டுத்தீயைப் பரப்பும் வறண்ட கிழக்குக் காற்றென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. யாராவது பாதையில் சிகரெட்டோடு போனால் பின்னாலேயே போய் அணைத்துவிட்டானா என்று பார்த்து வருவாள். வீட்டைச் சுற்றி நீளத் தண்ணீர்க் குழாய் வாங்கிப் போட்டாள், பிறகு என் வீட்டுக்கும் ஒன்று வாங்கிப் போட்டாள்.

ஜூலையில் ஒரு காலை அவள் வாசற்படியில் காகிதப்பை ஒன்று இருந்தது. உள்ளே சாம்பல். ஒரு எழுத்துகூட இல்லை. பை முழுக்கச் சாம்பல், அவ்வளவுதான்.

"போலீஸ்ல சொல்லுவோம்" என்றேன்.

"என்னன்னு சொல்றது? யாரோ எனக்குச் சாம்பல் குடுத்தாங்கன்னா?"

"யாரு வச்சிருப்பா?"

"யாரு வேணா வச்சிருக்கலாம். அதான் பெர்னிஸ் பயமா இருக்கு. கடையில எனக்கு மீதிக் காசு குடுக்கற பொண்ணு, பிள்ளைய பஸ்ல ஏத்திவிடற அப்பன், யாரைப் பாத்தாலும் இவங்கதானோன்னு தோணுது."

அன்றிலிருந்து வாசல் விளக்கை அணைப்பதில்லை. கடைக்குப் போவதைக் குறைத்தாள். ஓப்பல் வீட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. ஓப்பலின் டிரெய்லரைச் சுற்றி இருந்த புல்லைத் தானே வெட்டினாள். அந்தக் கிழவி ஜன்னல் வழியாகக் கத்துவாள்: "அடியே, புல்லு வெட்ட வந்தியா, எனக்குக் குழி வெட்ட வந்தியா? போதும், உள்ள வா!"

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்து நாலாவது வாரம். மத்தியானம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நோரீன் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தாள். ஓடைப் பாலத்தில் ஏறும்போது டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் புகை. மெல்லிய வெள்ளைப் புகை அல்ல, பழுப்பு நிறத்தில் உருண்டு வந்தது. யாரோ காய்ந்த புல்லில் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டியிருக்கிறான், பிளேடு கல்லில் பட்டுப் பொறி பறந்திருக்கிறது.

பாலத்திலேயே வண்டியை நிறுத்தி அவசர எண்ணுக்கு அடித்தாள். மறுமுனையில் பேசிய பெண் அமைதியாக, "கிளியர்ஃபோர்க் வண்டி கிளம்பிருச்சும்மா, அரை மணியாகும், நீங்க தள்ளி நில்லுங்க" என்றாள்.

பிறகு நோரீன் என்னிடம் சொன்னாள்: "எனக்கு என்ன நெனப்பு வந்துச்சு தெரியுமா? வண்டியத் திருப்பிட்டுப் போயிரலாம்னு. கை அதுவா ஸ்டியரிங்கத் திருப்பப் பாத்துச்சு. யாரும் பாக்கல. அரை மணி கழிச்சு வந்த மாதிரி வரலாம்னு."

திருப்பவில்லை. அந்தப் பெரிய மஞ்சள் பேருந்தை டிரெய்லர் வரிசையின் மண்பாதைக்குள் நுழைத்தாள். இரண்டு பக்கமும் தபால் பெட்டிகள் மடமடவென்று சாய்ந்தன. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறுங்க! எல்லாத்தையும் விட்டுட்டு ஏறுங்க!" என்று கத்தினாள். மைக் என்றால் நடுங்குகிறவளின் குரல் ஓடைக்கு இந்தப்பக்கம் தபால் நிலையத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

நடக்க முடியாதவர்கள், ஆக்சிஜன் உருளையோடு இருந்த ஹாவ்லிக் என்பவர், கைக்குழந்தையோடு ஒரு பெண் எல்லோரும் ஏறினார்கள். ஓப்பல் மட்டும் வரவில்லை. நோரீன் உள்ளே ஓடினாள். புகையில் கண் தெரியவில்லை. ஓப்பல் குளியலறையில் தரையில் மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க? வாங்க!"

"பல்லு! என் பல்லு செட்டு விழுந்துருச்சு!"

"பல்லு போனா போகுது ஓப்பல்!"

"உனக்கென்ன, வாய் நெறய வச்சிருக்கே!"

நோரீன் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தாள். வெளியே வரும்போது பின்ஜன்னல் வெடித்தது. அந்தச் சூடு கழுத்தில் பட்டது ஆறுமாதம் வரை உறைத்தது என்பாள்.

அதற்குள் ஊரின் பழைய தண்ணீர் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஷெர்ரி பூத்பி. வேலை போன தீயணைப்புக்காரன் டேரலின் மனைவி, தன்னார்வலர். டேரல் அப்போது சமவெளியில் ஒரு மரக்கிடங்கில் கூலிக்கு நின்றுகொண்டிருந்தான். ஷெர்ரி ஒற்றை ஆளாகக் குழாயை இழுத்து, பேருந்து வெளியேறும் பாதையை மட்டும் நனைத்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. பேருந்து பின்பக்கமாகவே பாலம் வரை வந்தது. கடைசியில் மாநிலத்து ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்டியது. உயிர் ஒன்றும் போகவில்லை. வீடுகள் ஆறு போயின. ஓப்பலுடையது முதலாவது.

வீடிழந்தவர்களுக்குப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். நோரீன் சூப் வாங்கிக்கொண்டு ஓப்பலிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஓப்பல், எல்லாம் என்னாலதான். உங்களுக்குக் கஷ்டமாயிரக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன்."

பல்லில்லாத வாயால் ஓப்பல் மெதுவாகச் சொன்னாள்: "நான் அந்த வரி வேணும்னுதானே ஓட்டுப் போட்டேன்."

நோரீன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தெனம் வந்து காபி குடிச்சியே. ஒரு நாளாவது என்னைக் கேட்டியா? நான் குடுத்திருப்பேன். ராத்திரிச் சாப்பாட்ட விட்டாவது குடுத்திருப்பேன். எனக்காக எழுதினேங்கற, என்னைக் கேக்கல."

சூப்பை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாரமே நெவாடாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ரெட்பார்க்குக்குத் திரும்பி வரவே இல்லை.

நோரீன் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பேருந்து ஓட்டுவாள், வருவாள், கதவைச் சாத்துவாள். அக்டோபர் நகரசபைக் கூட்டத்துக்கு வருகிறாயா என்று என்னைக் கூப்பிட்டபோது சும்மா கேட்க வருகிறாள் என்று நினைத்தேன். பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றதும் எழுந்து போனாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அது கடகடவென்று ஆடுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"போன தடவை எதிர்த்து எழுதினது நான்தான். இன்னும் அந்த வரி தப்புன்னுதான் சொல்றேன். ஆனா நெலையத்த மூடினதும் தப்பு. கூரையோட அளவுக்கு வரி போடுங்க. வருமானம் கம்மியான வயசாளிங்களுக்கு விலக்கு குடுங்க. சபை கொண்டுவரலன்னா நாங்களே கையெழுத்து வாங்கிக் கொண்டுவருவோம்."

"நாங்கன்னா யாரு?" என்று மேயர் கேட்டார்.

நோரீன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். எனக்குக் கால் எழவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஷெர்ரி பூத்பி, "நானும்" என்றாள்.

ஜனங்களே கையெழுத்து வாங்கிக் கொண்டுவரும் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் கதவு கதவாகத் தட்டினார்கள். ஒவ்வொரு கதவும் நோரீனுக்கு ஒரு மரணம். தட்டிவிட்டு, யாரும் இல்லாமலிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்பாளாம். மேட்டு மாளிகை ஒன்றில் ஒருவன் நாயை அவிழ்த்துவிட்டான். இன்னொருவன், "போன வருஷம் வேண்டாம்னே, இந்த வருஷம் வேணும்ங்கறே. அடுத்த வருஷம் என்னம்மா, பாதி வேணும் பாதி வேண்டாமா?" என்று கேட்டு முகத்தில் கதவைச் சாத்தினான்.

காரில் திரும்பி வரும்போது ஒருநாள் ஷெர்ரி சொன்னாள்: "அந்தச் சாம்பல் நான்தான் வச்சேன்."

நோரீன் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"டேரல் வேலை போய், கூலிக்குச் சமவெளிக்குக் கிளம்பின வாரம். எங்க வீட்டு அடுப்புச் சாம்பல். வச்சிட்டு வந்து ராத்திரி பூரா தூங்கல."

"நானும் தூங்கல" என்றாள் நோரீன். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "நீதான்னு தெரிஞ்சிருந்தா தூங்கியிருப்பேன். ஊரே வச்சதா நெனச்சு இருந்தேன்" என்றாள்.

அடுத்த நவம்பரில் தீர்மானம் நிறைவேறியது. இந்தத் தடவையும் எண்ணி முடிய இரண்டு வாரம். நோரீன் அந்த இரண்டு வாரமும் என் சமையலறையில்தான் இருந்தாள் என்று சொல்லலாம். ஜெயித்த செய்தி வந்ததும், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். நெவாடாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாளாம். ஓப்பல் கேட்டுக்கொண்டு, "நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறு கோடையில் நிலையத்தின் கதவு ஏறியது. டேரல் வேலைக்குத் திரும்பினான். திறந்த மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் கொல்லைப்பக்கம் சைரன் அலறியபடி வண்டி வந்து நின்றது. டேரல் முழு உடுப்போடு குதித்தான். பின்னால் வேலிக்கு அந்தப்பக்கம் நோரீன், ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் பாய்ந்துகொண்டிருக்கும் தண்ணீர்க் குழாய்.

என் புருஷன் கர்ட் கொல்லையில் வைத்த கரியடுப்பருகே கரண்டியோடு நின்றான். அவன் சுட்டுக்கொண்டிருந்த பன்றி விலா முழுக்க நனைந்துபோயிருந்தது.

"நோரீன், இது இறைச்சி" என்றான் டேரல்.

"தெரியுது. புகை வந்துச்சு. இப்பத்தான் தெரியுது."

டேரல் சிரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "வர அஞ்சு நிமிஷம்கூட ஆகல, பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றாள். குழாயை அடைத்துவிட்டு ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வீசியது கிழக்குக் காற்று.