குடத்தில் இருந்த பெயர்

பாத்திரக்கடையில் என் புதுக் குடத்தில் பெயர் வெட்ட உளியை எடுத்தவர், “பேருக்கு முன்னால அப்பா எழுத்துங்களா, ஊட்டுக்காரர் எழுத்துங்களா?” என்று கேட்டார். பக்கத்தில் இன்னொருவர் டிக் டிக்கென்று வெட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் நல்லூர் வீட்டில் கேட்ட அதே சத்தம்.

அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தில் ‘மு. சரஸ்வதி’ என்று அவள் அப்பாவின் எழுத்தோடு பெயர் இருந்தது. பனியன் தைக்கும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் ‘கட்டிங் மாஸ்டர் சம்சாரம்’தான். குடத்தில் மட்டும்தான் சரஸ்வதி.

ஒருநாள் அத்தை சிரித்தபடி, “ஏம்புள்ள, ரெண்டு பெத்தாச்சு, இன்னும் உங்கப்பன் எழுத்துதானா? எந்தம்பிக்கு எழுத்தில்லாமயா போச்சு?” என்றாள். அப்பா பெயர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்தார். ‘மு’வை அடித்துவிட்டு ‘க’ போட்டார்கள். அம்மா அன்றிலிருந்து எழுத்து சுவரைப் பார்க்கும்படியே குடத்தை வைத்தாள்.

கடையில் நானும், “ஊட்டுக்காரர் எழுத்தே போடுங்க” என்று சொல்லிவிட்டேன். வெறும் பெயர் போதும் என்றிருக்கலாமோ என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் நான் வைத்த குடத்தை, எழுத்துக்கூட்டப் பழகும் என் மகள் சுவர்ப் பக்கமிருந்து திருப்பி, என் பெயரை வாசித்தாள்.

“இது யாருங்கம்மா?” என்றாள்.