சனிக்கிழமைக்குத் தள்ளிய அட்மிஷன்

எனக்கு ஃபெலோஷிப் கிடைத்துவிட்டது என்று சொன்னதும் என் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "எத்தன மாசத்துல திருப்பிக் கட்டணும்?" என்பதுதான். முத்தியால்பேட்டையில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. ஒருத்தன் சும்மா பணம் கொடுப்பான் என்பதை எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். கட்ட வேண்டியதில்லை, ஒரு வருஷம் வேலை செய்து அறிக்கை எழுதினால் போதும் என்றேன். அப்படியென்றால் அதற்குப் பேர் சம்பளம் என்று சொல்லிவிட்டு, சட்டைத்துணி கிழிக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். கடைக்கு மேல்மாடியில் நான் டியூஷன் நடத்துகிறேன். ஊரைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து சில பிள்ளைகள் பஸ் பிடித்து என்னிடம் படிக்க வருவார்கள். பன்னிரண்டாவது வரை ஜோராகப் படிப்பார்கள், அப்புறம் ஆளைக் காணோம். விசாரித்தால் பையன் பெயின்ட் அடிக்கப் போயிருப்பான், பெண் சேதராப்பட்டு கம்பெனி வேனில் ஏறியிருப்பாள். அகதிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பப் பாடுபடும் சின்னத் திட்டங்களுக்கு ஒரு வெளிநாட்டு அமைப்பு உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு, போட்டுத்தான் பார்ப்போமே என்று விண்ணப்பித்தேன்.

அந்தப் படிவத்தில் 'தடைகள்' என்று ஒரு கட்டம். அதில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சான்றிதழ், பஸ், ஆங்கிலம், வழி சொல்ல ஆளில்லாதது, எதையும் விடவில்லை. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்த வருஷம் கல்லூரிக்குத் தயாராக இருந்தவள் ஒரே ஒரு பெண். முகாமிலேயே பிறந்தவள். என்னிடம் எங்கள் ஊர்ப்பேச்சு பேசுவாள், போனில் அம்மாவிடம் பேசும்போது சட்டென்று "ஓம் அம்மா, வாறன்" என்று மாறிவிடுவாள். அவளுக்குக் கெமிஸ்ட்ரிதான் வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணம் எந்தப் படிவத்திலும் அடங்காது. பரீட்சை லீவில் சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போயிருக்கிறாள். பெட்டி ஒட்டும் இடத்துக்கும் லேபுக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் உட்கார்ந்து வேலை செய்வார்களாம். "நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவணும்க்கா, அவ்ளோதான்" என்றாள்.

டவுனில் ஒரு கல்லூரியில் நடையாய் நடந்தேன். கடைசியில் ஒரு வியாழன் சாயங்காலம் கிளார்க் போன் செய்தார். கெமிஸ்ட்ரியில் ஒரே ஒரு இடம் காலி, வெள்ளி காலையிலும் வரலாம், சனி மதியம் பன்னிரண்டு வரைக்கும் வரலாம், அதற்கு மேல் அடுத்த ஆளுக்குப் போய்விடும், எந்த நாள் என்றார். நான் யோசிக்கவே இல்லை. சனி என்றேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டு எழும்வரை வெளிவேலை எதுவும் வைத்துக்கொள்ள மாட்டோம். கடையையே மதியத்துக்கு மேல்தான் திறப்பார் அண்ணன். கல்யாணம் பேசப் போவதாக இருந்தாலும் பல்லுக்கு டாக்டரைப் பார்ப்பதாக இருந்தாலும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவோம். இதைச் சட்டம் என்று யாரும் சொன்னதில்லை, கை தானாகவே அப்படிப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் அவளுடைய அட்மிஷனையும் தள்ளிவிட்டேன்.

வெள்ளி மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நல்ல சேதியைச் சொல்ல அவளுக்குப் போன் செய்தேன். "நாளைக்குச் செக்கிங்க்கா" என்றாள்.

முகாமில் செக்கிங் என்றால் ஆள் கணக்கெடுப்பு. அதிகாரி பதிவேட்டை வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று பயம். மாத உதவி நிற்கும், மறுபடி சேர்க்க அலைய வேண்டும். என்னிடம் படித்த பிள்ளைகள் வருஷக்கணக்கில் 'செக்கிங், அதனால வரல' என்று லீவு சொல்லியிருக்கிறார்கள். தலையை ஆட்டியிருக்கிறேனே தவிர, அது என் மண்டையில் ஏறவே இல்லை. ஒன்றரைப் பக்கத் தடையில் அந்தச் சொல் இல்லை.

கல்லூரிக்குப் போன் அடித்தேன். ஆபீஸ் மூடிவிட்டது. கிளார்க்கின் சொந்த நம்பரைப் பிடித்துக் கெஞ்சினேன். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான் மேடம், தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ஸ்கூட்டரோடு முகாமில் நின்றேன். பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி பதினொன்றுக்கு வந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்கு முன்னால் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். இவர்கள் வீடு கடைசி வரிசை, பேர் வர இன்னும் ஒரு மணி நேரமாகும். அப்போது அவள் அம்மா வரிசையின் முன்னால் போய் ஏதோ சொன்னார். வரிசையில் எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் புரட்டி அவள் பேரை முதலில் கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளையக் கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார் அம்மா.

பறந்தேன். ஆனால் சனிக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றி உங்களுக்கே தெரியும். சென்னையே காரெடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்துவிடும். ஒவ்வொரு காருக்கும் ஒரு வசவு வைத்தேன். பின்னால் அவள் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரிப் படியேறும்போது மணி பன்னிரண்டு இருபது.

கெமிஸ்ட்ரி போய்விட்டது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு பையன் பீஸ் கட்டியிருந்தான். நான் கிளார்க்கிடம் குரலை உயர்த்த ஆரம்பித்தேன், எனக்குக் கோபம் வந்தால் முத்தியால்பேட்டை மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேற எதுல எடம் இருக்குது சார்?" என்று கேட்டாள். ஹிஸ்டரி இருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன், வெள்ளிக்கிழமைக் கதையையும் சொன்னேன். பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. ஸ்ட்ராவை டம்ளரில் சுற்றிக்கொண்டே, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்க்கா" என்றாள். அண்ணன் என்னை டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் முன்னால் திட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

ஹிஸ்டரியை அவள் நன்றாகத்தான் படிக்கிறாள். இந்த வருஷம் முகாமிலிருந்து இன்னும் மூன்று பேர் கல்லூரிக்கு வருகிறார்கள். தேதி வாங்குவதெல்லாம் இப்போது அவள்தான். ஒன்று வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விழுந்தது. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்ததும் அண்ணன் வானத்தை ஒருமுறை பார்த்தார். அன்றைக்குத் திரும்பி வந்து ஆறிப்போன பிரியாணியைத்தான் சாப்பிட்டேன்.

போன மாதம் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. முதலில் தமிழில் எழுதி அப்புறம் ஆங்கிலத்தில் மாற்றுவது என் வழக்கம். அனுப்பும் முன் அவளிடம் காட்டினேன். தேதி விஷயத்தில் நான் செய்த தப்பை மறைக்காமல் எழுதியிருந்தேன், அதில் உள்ளூர எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவள் நிதானமாகப் படித்தாள். 'மாணவி மகிழ்ச்சியுடன் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்தார்' என்ற வரிக்கு வந்ததும் என் பேனாவை வாங்கினாள். 'மகிழ்ச்சியுடன்' என்பதை மட்டும் அடித்தாள்.

"மத்ததெல்லாம் சரிக்கா, அனுப்பிடுங்க" என்றாள்.